யாருடைய வீட்டிலிருந்து வேலை?

ஷாங்காயில் ஒரு கம்பெனி தன் ஊழியர்களில் ஒரு பகுதியினரை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னது. அவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. சென்னையில் டேட்டா என்ட்ரி வேலைக்கு ஆள் எடுத்து, சிலரை வீட்டிலும் சிலரை ஆபீஸிலும் உட்கார வைத்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் வேலை 18 சதவீதம் குறைந்தது. யார் வீட்டுக்கு, யார் ஆபீஸுக்கு என்பதை இரண்டு இடத்திலும் முதலாளி தீர்மானிக்கவில்லை, குலுக்கல்தான் தீர்மானித்தது. அதனால் ‘நல்லா வேலை செய்யறவங்களை மட்டும் வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க’ என்று தட்டிக்கழிக்க முடியாது. இரண்டுமே பெயர் பெற்ற பொருளாதார ஆய்வாளர்கள் நடத்தியவை. இதில் எதைக் காட்டி மேனேஜரிடம் பேசுவது?

மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்புகிறவர், வயதான அப்பா அம்மாவைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டியவர், சம்பளம் கொஞ்சம் குறைத்து முழு ஒர்க் ஃப்ரம் ஹோம் தருகிற இடத்திலிருந்து ஆஃபர் வந்திருப்பவர், முதல் வேலையில் சேரப்போகிற பிள்ளை. நான்கு பேர் முன்னாலும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான் இருக்கிறது. தினமும் ஆபீஸ், வாரத்தில் சில நாள் ஆபீஸ், முழுக்க வீடு, முழுக்க வீடு என்றாலும் சொந்த ஊரில். எதை எடுப்பது என்று ஆராய்ச்சி நேராக விடை சொல்லாது. எந்த வீட்டுக்கு எது ஒத்துவரும் என்று பிடிபட வைக்கும். அதற்கு அந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஷாங்காயில் தேறியவர்கள் யார்?

சிட்ரிப் சீனாவின் பெரிய பயண முன்பதிவு நிறுவனம். 2010 வாக்கில் அதற்கு இரண்டு தலைவலி. ஷாங்காயில் ஆபீஸ் வாடகை ஏறிக்கொண்டே போனது. கால் சென்டரிலோ ஆட்கள் நிற்கவே மாட்டேன் என்றார்கள், வருடத்துக்குப் பாதிப் பேர் ரிசைன் பண்ணிக்கொண்டிருந்தார்கள். கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் லியாங், ஸ்டான்ஃபோர்டின் நிக்கோலஸ் புளூம் உள்ளிட்டவர்களோடு சேர்ந்து ஒன்பது மாதச் சோதனை ஒன்றை நடத்தினார். விருப்பமும் தகுதியும் உள்ள 249 பேர் கிடைத்தார்கள். இரட்டைப்படைத் தேதியில் பிறந்தவர்கள் வீட்டுக்கு, ஒற்றைப்படைக்காரர்கள் ஆபீஸுக்கு.

13 சதவீதத்தில் 9 சதவீதம் வந்தது அதிக நேரம் வேலை செய்ததால். இடைவேளை குறைந்தது, உடம்பு சரியில்லை என்ற லீவு குறைந்தது. மீதி 4 சதவீதம், சத்தமில்லாத இடத்தில் நிமிடத்துக்குக் கூடுதல் கால் எடுத்ததால். வேலையை விட்டுப் போவது பாதியாகக் குறைந்தது. பல வருடமாக எல்லா மேடையிலும் எடுத்துக்காட்டப்படுவது இந்தக் கணக்குதான்.

மேடையில் யாரும் சொல்லாதது அந்த ‘தகுதி’ என்ன என்பதை. ஆறு மாத அனுபவம் வேண்டும். வீட்டில் பிராட்பேண்ட் வேண்டும். வேலை நேரத்தில் தனக்கென்று ஒரு தனி அறை வேண்டும். கேட்கப்பட்டவர்களில் பாதிப் பேர்தான் ‘நான் போகிறேன்’ என்றார்கள், அதிலும் பாதிப் பேர் இந்தத் தகுதியில் அடிபட்டுப் போனார்கள். தேறியவர்களும் வாரத்தில் ஒரு ஷிஃப்ட் ஆபீஸுக்கு வந்தாக வேண்டும். ஆக, வேலை தெரிந்த, விருப்பப்பட்ட, கதவைச் சாத்திக்கொள்ள அறை உள்ளவர்களுக்கு 13 சதவீதம் கூடியது என்பதுதான் அந்தச் சோதனையின் சரியான வாசகம்.

இன்னொன்று. ஒன்பது மாதம் முடிந்ததும் ‘இனி உங்கள் இஷ்டம்’ என்று விட்டார்கள். வீட்டில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஆபீஸுக்கே திரும்பிவிட்டார்கள். தனிமை தாங்கவில்லை. பிரமோஷன் விஷயத்தில் சந்தேகமும் இருந்தது, அந்தச் சந்தேகம் வீணில்லை. ஒரே அளவு வேலை செய்தவர்களை வைத்துப் பார்த்தபோது வீட்டில் இருந்தவர்களுக்குப் பிரமோஷன் வாய்ப்பு குறைவாகவே இருந்தது. விருப்பப்பட்டவர்கள் மட்டும் வீட்டில் தங்கிய பிறகு அந்த 13 சதவீத வேலைக் கூடுதல் 22 சதவீதம் வரை போனது. அவரவர் தனக்கு எது ஒத்துவரும் என்பதைச் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டு பிரிந்ததன் பலன் அது.

சென்னையின் 18 சதவீதம்

எம்.ஐ.டி.யைச் சேர்ந்த டேவிட் அட்கின், ஆன்டோனெட் ஷோர், இவர்களோடு சுமித் ஷிண்டே ஆகியோர் சென்னையில் செய்த ஆய்வு 2023-ல் வெளிவந்தது. என்னைக் கேட்டால் நம் ஊர்க்காரர்கள் ஷாங்காயை விட இதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். 18 சதவீத இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது. மிச்சம், ஆபீஸில் இருந்தவர்கள் நாளாக நாளாக வேகமாகக் கற்றுக்கொண்டு முன்னேறியதால் வந்தது.

விஷயம் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. குலுக்கலுக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் வீடு வேண்டுமா ஆபீஸ் வேண்டுமா என்று கேட்டு வைத்திருந்தார்கள். வீடு வேண்டும் என்றவர்கள் சோம்பேறிகள் என்றுதான் பல மேனேஜர்கள் நினைப்பார்கள். நேர்மாறாக, அவர்கள்தான் ஆரம்பத்தில் 12 சதவீதம் வேகமாகவும் பிழை குறைவாகவும் வேலை செய்தவர்கள். ஆனால் கேட்டபடியே வீடு கிடைத்தபோது அவர்களுடைய இழப்பு 27 சதவீதம். ஆபீஸ்தான் வேண்டும் என்றவர்களை வீட்டில் உட்கார வைத்தபோது இழப்பு 13 சதவீதம்தான். வீட்டை விரும்பியவர்களையே வீடு அதிகமாகச் சாய்த்திருக்கிறது.

இது ஏன்? வீட்டிலிருந்து வேலை கேட்டவர்களில் குழந்தை உள்ளவர்கள், வீட்டில் யாரையாவது கவனித்துக்கொள்ள வேண்டியவர்கள், வசதி குறைந்த குடும்பத்தினர் ஆகியோரின் பங்கு இந்த முடிவின் ஒரு பகுதியை விளக்குகிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். அவர்கள் வீட்டைக் கேட்டது அங்கே வசதி இருக்கிறது என்பதால் கிடையாது. வீட்டில் வேலை இருக்கிறது, அதை விட்டு வெளியே வர முடியாது. எந்தப் பொறுப்பு அவர்களை ஆபீஸுக்குப் போகவிடாமல் செய்ததோ, அதே பொறுப்புதான் வீட்டில் உட்கார்ந்து டைப் பண்ணவும் விடவில்லை.

வேளச்சேரியில் இரண்டாவது மாடி, ஒற்றை பெட்ரூம் வீடு என்று வைத்துக்கொள்வோம். பெட்ரூமில் கைக்குழந்தை தூங்குகிறது, அதனால் லேப்டாப் ஹாலில், டைனிங் டேபிளின் ஒரு ஓரத்தில். மறு ஓரத்தில் பாதி நறுக்கிய பீன்ஸ். பத்தரைக்கு டீம் கால். இவர் பேச வேண்டிய முறை வந்து மியூட்டை எடுக்கிறார், குக்கர் மூன்றாவது விசில் அடிக்கிறது. கால் முடிவதற்குள் சிலிண்டர்காரர் கீழே நின்று ஓ.டி.பி. கேட்கிறார். ‘நீ வீட்லதானேம்மா இருக்க, ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடேன்’ என்கிறார் மாமியார். அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மருமகள் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறாள், அவருக்கு முழங்கால் வலி. இதே மருமகள் சோழிங்கநல்லூரில் எட்டாவது மாடியில் இருந்தால் அந்த சிலிண்டருக்கு வேறு ஏற்பாடு நடந்திருக்கும்.

இப்படி நடுநடுவே எழுந்து போவதன் விலையை ஒருவர் அளந்தே காட்டியிருக்கிறார். அமேசான் மெக்கானிக்கல் டர்க் என்ற இணையத் தளத்தில் சில்லறை வேலைகளை வீட்டிலிருந்தே செய்து காசு பார்க்கலாம். அங்கே முடிக்கப்பட்ட சுமார் 20 லட்சம் வேலைகளை அபி ஆடம்ஸ்-பிராஸ்ல் ஆராய்ந்தார். எடுத்துக்கொள்ளும் வேலையிலும் அனுபவத்திலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் இல்லை. ஆனாலும் மணிக்கணக்கில் பார்த்தால் பெண்களின் சம்பாத்தியம் 20 சதவீதம் குறைவு. பாதியில் விட்டு எழுந்து, திரும்ப வந்து, எங்கே விட்டோம் என்று தேடித் தொடங்குவது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

இந்திய வீடுகளைப் பற்றி அரசாங்கமே கணக்கு எடுத்து வைத்திருக்கிறது. 2024 காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். ‘வீட்டிலிருந்து வேலை’ என்று கம்பெனி ஒரே பாலிசி போட்டாலும், கணவனும் மனைவியும் லாகின் பண்ணுவது இரண்டு வேறு வீடுகளிலிருந்து.

ஐ.டி.காரர்களுக்கு?

டேட்டா என்ட்ரியும் கால் சென்டரும் நமக்கு எதற்கு, நாம் பார்ப்பது மூளை வேலை என்பவர்களுக்கு இன்னொரு ஆய்வு. ஆசியாவின் பெரிய ஐ.டி. சேவை நிறுவனம் ஒன்றில் 10,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் கணினிப் பதிவுகளை மைக்கேல் கிப்ஸ், ஃபிரீடரிக்கே மெங்கல், கிறிஸ்டோஃப் சீம்ரோத் ஆராய்ந்தார்கள். 2020-ல் எல்லாரும் வீட்டுக்குப் போன சமயம் அது. வேலை நேரம் கூடியது, முடித்த வேலை கொஞ்சம் குறைந்தது. மணிக்கு எவ்வளவு என்று பார்த்தால் 8 முதல் 19 சதவீதம் சரிவு. குழந்தை உள்ளவர்களுக்கு வேலை நேரமும் அதிகமாகக் கூடியது, சரிவும் அதிகம். மீட்டிங் பெருகிப்போனது, தொந்தரவில்லாமல் ஒரே மூச்சில் உட்கார்ந்து வேலை பார்க்கும் நேரம் சுருங்கியது, மேனேஜரோடு தனியாகப் பேசுவதும் குறைந்தது. கோவிட் காலத்துப் பதற்றம் இந்த எண்களில் கலந்திருக்கிறது, அதனால் இதை அப்படியே இன்றைக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. ஆனால் ராத்திரி ஒன்பதரைக்கும் லேப்டாப்பை மூடாத வீடுகளுக்கு அந்த ‘வேலை நேரம் கூடியது’ என்ற வரிக்கு விளக்கம் தேவைப்படாது.

18 சதவீதம் யாருக்கு நஷ்டம்?

இதுவரை சொன்னதெல்லாம் முதலாளியின் கேள்விக்கான பதில்கள். வேலை கூடியதா குறைந்ததா என்பது அவருடைய கவலை. குடும்பத்தின் கேள்வி வேறு: அந்த வேலை இல்லாவிட்டால் இவர் வேறு வேலைக்குப் போவாரா, போகவே மாட்டாரா?

மும்பையில் சுஹானி ஜலோட்டாவும் லிசா ஹோவும் சுமார் 3,200 திருமணமான பெண்களிடம் ஒரே வேலையைப் பலவிதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆபீஸ் என்று சொன்னது வீட்டுக்குப் பக்கத்திலேயே, பெண்கள் மட்டும் வேலை செய்கிற, குழந்தையையும் கூட்டிவரலாம் என்ற இடம். இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றும். அதற்குச் சேர்ந்தவர்கள் 27 சதவீதம். அதே வேலையை வீட்டிலேயே செய்யலாம் என்றபோது 56 சதவீதம். மேற்கு வங்கத்தில் லிசா ஹோ, ஜலோட்டா, அனாஹிதா கரண்டிகர் செய்த ஆய்விலும் இதே கதைதான். வழக்கமான ஆபீஸ் வேலைக்கு 15 சதவீதம் பேர் வந்தார்கள், வீட்டிலிருந்து நேரம் பார்த்துச் செய்துகொள்ளலாம் என்றதும் 48 சதவீதம். அங்கே இன்னொன்றும் தெரிந்தது. வீட்டில் வேலை பார்த்துப் பழகிய பெண்கள், சில மாதம் கழித்து வெளியே போய்ச் செய்யும் வேலைக்கும் மற்றவர்களை விடக் கொஞ்சம் அதிகமாகத் தயாரானார்கள். முதல் படியாக வீடு பயன்பட்டிருக்கிறது.

இந்தப் பெண்களுக்கு வீட்டு வேலைக்கு எதிர்த் தட்டில் ஆபீஸ் வேலை இல்லை, பூஜ்யம்தான் இருக்கிறது. ஆபீஸில் செய்வதை விட 18 சதவீதம், ஏன் 27 சதவீதம் குறைவாகச் செய்தாலும், ஒன்றுமே சம்பாதிக்காமல் இருப்பதை விட மேல். ஆக, ‘வீட்டிலிருந்து செய்தால் வேகம் குறையும்’ என்ற ஆய்வை வைத்து இவர்களுக்குப் புத்திமதி சொல்ல வருவது அபத்தம். அந்த ஆய்வு பேசுவது, இரண்டு வழியும் திறந்திருப்பவர்களிடம்.

ஹைபிரிட்: பலருக்கு ஒத்துப்போவது

இரண்டும் திறந்திருக்கிறது என்றால், எனக்குத் தெரிந்து இப்போதைக்கு ஆதாரம் வலுவாக இருப்பது வாரத்தில் இரண்டு நாள் வீடு, மூன்று நாள் ஆபீஸ் என்ற ஏற்பாட்டுக்குத்தான். அதே சிட்ரிப், டிரிப்.காம் என்று பெயர் மாற்றிக்கொண்ட பிறகு, 2021-22-ல் 1,612 பேரை வைத்து இன்னொரு சோதனை செய்தது. இந்த முறை எஞ்சினியர்கள், மார்க்கெட்டிங், ஃபைனான்ஸ் ஆட்கள், எல்லாரும் பட்டதாரிகள். ஒரு பாதிக்கு புதனும் வெள்ளியும் வீடு, மறு பாதிக்கு ஐந்து நாளும் ஆபீஸ். முடிவை புளூம், ருவோபிங் ஹான், லியாங் மூவரும் 2024-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். இரண்டு வருட அப்ரைசலைப் பார்த்தாலும் வித்தியாசம் இல்லை, பிரமோஷனிலும் இல்லை. ரிசைன் பண்ணுவது மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அந்தக் குறைவு மேனேஜர் அல்லாதவர்களிடமும், பெண்களிடமும், தூரத்திலிருந்து வருகிறவர்களிடமும்தான் பெரிதாகத் தெரிந்தது.

சுவாரசியமான விஷயம், மேனேஜர்களின் மனமாற்றம். ஆரம்பத்தில் இதனால் வேலை 2.6 சதவீதம் குறையும் என்று கணித்தார்கள். முடிந்த பிறகு 1 சதவீதம் கூடும் என்றார்கள். பழக்கமில்லாத எதையும் முதலில் நஷ்டம் என்று எழுதுவது மேனேஜர் வர்க்கத்தின் இயல்பு போலும்.

எந்தெந்த நாள் என்பது முன்கூட்டியே நிச்சயமாக இருந்ததும், ஆபீஸ் நாளில் எல்லாரும் ஆபீஸில் இருந்ததும் இங்கே முக்கியம். நம் ஊரில் பல இடங்களில் ஹைபிரிட் என்ற பெயரில் நடப்பது வேறு. தாம்பரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் நெரிசலில் நகர்ந்து சிறுசேரி போய்ச் சேர்ந்தால், டீமில் மூன்று பேர் புனேயில், இரண்டு பேருக்கு இன்று வீட்டு நாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதே கூகுள் மீட். கார்டு ஸ்வைப் கணக்குக்காகப் போகிற இந்த ஹைபிரிடில் இரண்டு பக்கத்துக் கெடுதலும் சேர்ந்தே வருகிறது. இதற்கும் டிரிப்.காம் முடிவைக் காட்டுவது சரியில்லை.

பயண நேரத்தைப் பற்றி ஒரு கணக்கு. 27 நாடுகளில் நடந்த கருத்துக்கணிப்பில், வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஒரு நாளில் மிச்சமாகும் நேரம் சராசரியாக 72 நிமிடம். இந்தியாவில் 99 நிமிடம். இது எங்கே போகிறது? சராசரியாக அதில் 40 சதவீதம் திரும்ப வேலைக்கே போய்விடுகிறது, 34 சதவீதம் ஓய்வுக்கு, 11 சதவீதம் குழந்தைகளையும் பெரியவர்களையும் கவனிப்பதற்கு. குடும்பத்துக்காகத்தான் வீட்டிலிருந்து வேலை என்று கிளம்பினால், பெரிய பங்கை கம்பெனியே எடுத்துக்கொள்கிறது. ஆறு மணிக்கு லேப்டாப்பை மூடும் பழக்கம் உள்ள வீட்டுக்கு மட்டும்தான் அந்த 99 நிமிடம் முழுசாகச் சொந்தம்.

தினமும் ஆபீஸ் யாருக்கு லாபம்?

கல்லூரி முடித்து இப்போதுதான் சேர்கிறவர்களுக்கு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நடாலியா இமானுவேல், எம்மா ஹாரிங்டன், அமாண்டா பாலைஸ் ஆகியோர் அமெரிக்காவின் பெரிய நிறுவனம் ஒன்றில் மென்பொருள் எஞ்சினியர்களைப் பார்த்தார்கள். டீம் மொத்தமும் ஒரே கட்டடத்தில் இருந்தவர்கள் ஒரு பக்கம், இரண்டு கட்டடங்களில் பிரிந்து கிடந்தவர்கள் மறு பக்கம். பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு, தாங்கள் எழுதிய புரோகிராம் கோடின் மீது கிடைத்த கருத்துகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதிகம். கோவிடுக்காக ஆபீஸை மூடியதும் அந்த வித்தியாசம் பெரும்பாலும் காணாமல் போனது. ஜூனியர்களுக்குத்தான் இதில் ஆதாயம் கூடுதல்.

அந்த ஆதாயத்துக்குக் காசு கொடுத்தது சீனியர்கள். பக்கத்தில் ஜூனியர்கள் இருக்கும்போது சீனியர்கள் எழுதும் சொந்தக் கோடு குறைந்தது, அதிலும் அனுபவமுள்ள பெண்களுக்கு அதிகமாக. ‘அக்கா, இது ஏன் ரன் ஆகல?’ என்று யாரிடம் போய் நிற்பார்கள் என்பது ஆபீஸில் இருப்பவர்களுக்குத் தெரியும். பத்து வருட அனுபவம் உள்ள ஒரு பெண் வீட்டிலிருந்து வேலை கேட்டால், தன் வேலையைத் தான் முடித்துக்கொள்ளவும் அது உதவும். ஆனால் அந்த டீமின் புதுப் பையனுக்கு அன்று நஷ்டம்.

தனி அறை இல்லாதவர்களுக்கும், வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே சுவர் எழுப்ப முடியாதவர்களுக்கும்கூட ஆபீஸ்தான் மேல் என்று சென்னை ஆய்வை வைத்து ஊகிக்கலாம். ஆனால் பகலில் குழந்தையை யார் பார்ப்பது என்பதற்கு விடை இருந்தால்தான் இந்தப் பேச்சுக்கே அர்த்தம்.

சொந்த ஊர்

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்று விட்டபோது, அதற்கு முன்னால் வீட்டிலிருந்து மட்டும் பார்த்ததை விட வேலை 4.4 சதவீதம் கூடியது என்று பிரித்விராஜ் சௌத்ரி குழுவினர் கண்டார்கள். அனுபவசாலிகள், தனித்தனியே முடிக்கக்கூடிய வேலை, நிச்சயமான அரசு உத்தியோகம். தென்காசியிலோ கும்பகோணத்திலோ வாடகை மிச்சம், பாட்டி தாத்தா துணை, பிள்ளைக்கு முற்றம் எல்லாம் உண்மை. கொள்கை எந்நேரமும் மாறும் என்பதும் உண்மை. 2025-க்குள் எந்த நேரத்திலும் 25 சதவீதம் பேருக்கு மேல் ஆபீஸில் இருக்கத் தேவையில்லை என்று 2020-ல் சொன்ன டி.சி.எஸ்., 2023 அக்டோபரில் எல்லாரையும் ஐந்து நாளும் வரச் சொன்னது. பள்ளி மாற்றி, வீட்டைக் காலி செய்து கிளம்புவதற்கு முன் இதை நினைவில் வைப்பது நல்லது. சென்னை வீட்டை ஒரு கல்வியாண்டு வரைக்கும் விடாமல் வைத்திருக்க முடிந்தால் வைத்திருக்கலாம்.

எவ்வளவு சம்பளத்தை விட்டுக்கொடுக்கலாம்?

அலெக்சாண்டர் மாஸும் அமாண்டா பாலைஸும் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் வேலைக்கு விண்ணப்பித்தவர்கள் வீட்டிலிருந்து வேலை என்ற வசதிக்காகச் சராசரியாக 8 சதவீதம் சம்பளத்தை விடத் தயாராக இருந்தார்கள். சிறு குழந்தை உள்ள பெண்கள் அதற்கும் மேல். மாதம் 60,000 வாங்குபவருக்கு 8 சதவீதம் என்றால் 4,800 ரூபாய். பெட்ரோல், மதியச் சாப்பாடு, கேப் எல்லாம் கூட்டினால் அந்தத் தொகை பல வீடுகளில் அப்படியே சரிக்கட்டிவிடும், எனவே இதுவரை விட்டுக்கொடுப்பது நியாயமான பேரம். ஆனால் பார்க்க வேண்டியது இந்த வருடச் சம்பளத்தை மட்டும் இல்லை. மூன்றாம் வருடம் தவறிப்போகும் பிரமோஷன் இந்த 4,800-ஐ விடப் பெரியது.

இந்த இடத்தில்தான் கிளாடியா கோல்டின் வருகிறார். 2023-ல் பொருளாதார நோபல் பெற்றவர். எந்நேரமும் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் ஆளுக்கு அளவுக்கு மீறிச் சம்பளம் தருகிற வேலைகளை அவர் பேராசை பிடித்த வேலைகள் என்கிறார். ஒரு வீட்டில் இருவரும் அப்படி ஓட முடியாது. ஒருவர் ஓடுவார், இன்னொருவர் வளைந்துகொடுக்கிற வேலையை எடுப்பார். எடுப்பது யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வீட்டிலிருந்து வேலையை மனைவிக்கான சலுகை என்று ஒரு குடும்பம் வைத்துக்கொண்டால், அந்த 289 நிமிடம் அவர் தலையிலேயே நிலைத்துவிடும்.

இதற்கு மாறாக ஒரு நல்ல செய்தி இத்தாலியிலிருந்து. மார்த்தா ஆஞ்செலிச்சி, பாவ்லா புரோஃபேத்தா இருவரும் அங்கே ஒரு பெரிய நிறுவனத்தில், குலுக்கலில் வந்தவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் எங்கிருந்து, எப்போது வேலை பார்ப்பது என்பதை அவர்கள் கையிலேயே விட்டார்கள். ஒன்பது மாதத்தில் வேலையும் முன்னேறியது, ஆண்கள் வீட்டு வேலையிலும் பராமரிப்பிலும் செலவிட்ட நேரமும் கூடியது. ஒரே ஒரு நாள்தான். ஆகவே இருவரும் வேலைக்குப் போகிற வீட்டுக்கு என் சிபாரிசு இது: மனைவிக்கு ஐந்து நாள் வீடு, கணவனுக்கு ஐந்து நாள் ஆபீஸ் என்று பிரிப்பதை விட, இருவரும் ஆளுக்கு இரண்டு நாள் வெவ்வேறு கிழமைகளில் கேட்டு வாங்குங்கள். செவ்வாயும் வியாழனும் அப்பா வீட்டில். அன்றைக்கு சிலிண்டர் ஓ.டி.பி. அப்பாவின் போனுக்கு வரட்டும்.

பேரம் பேசப் போகிறவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. வீட்டு நாட்கள் எவை என்று ஆஃபர் லெட்டரில் இருக்கிறதா, அல்லது ‘மேனேஜர் விருப்பப்படி’ என்று விட்டிருக்கிறார்களா? ஆபீஸ் நாளில் உங்கள் டீம் உண்மையில் அங்கே இருக்குமா? அப்ரைசலில் உங்களை எடைபோடப்போவது உங்கள் முகத்தைத் தினமும் பார்க்கிறவரா, பார்க்காதவரா? மூன்று மாதம் கழித்து மாற்றிக்கொள்ள இடம் உண்டா? ஷாங்காயில் விருப்பப்பட்டுப் போனவர்களிலேயே பாதிப் பேர் திரும்பினார்கள் என்பதால் கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம்.

மகப்பேறு விடுப்பிலிருந்து திரும்புகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தில் வந்த திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றது, தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம் என்றது. விடுப்புக்குப் பின் வீட்டிலிருந்து வேலை என்பதையும் அது குறிப்பிட்டது, ஆனால் வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் என்ற நிபந்தனையோடு. ஆக அது தானாகக் கிடைக்கும் உரிமை இல்லை, பேசி வாங்க வேண்டியது. விடுப்பு முடிந்து உள்ளே நுழைந்த திங்கட்கிழமை பேச ஆரம்பித்தால் காலம் கடந்திருக்கும். விடுப்பின் ஐந்தாவது மாதத்திலேயே எச்.ஆருக்கு மெயில் போடுங்கள், காப்பகத்தைப் பற்றியும் அதே மெயிலில் கேளுங்கள்.